ஹியர், லிசன்: இரண்டும் ‘கேட்பது’தானே?

‘பாட்டு கேட்டுக்கொண்டிருக்கிறேன்’ என்பதை ஆங்கிலத்தில் ‘ஐ ஆம் ஹியரிங் மியூசிக்’ என்று எழுதியிருக்கிறீர்கள். அது இந்த இடத்தில் பொருந்தாது. உட்கார்ந்து ரசித்துக் கேட்கிறீர்கள் என்றால் ‘ஐ ஆம் லிசனிங் டு மியூசிக்’ என்றுதான் எழுத வேண்டும்.

குழப்பத்துக்குக் காரணம் நம் ‘கேள்’ என்ற வினையாக இருக்கலாம். பாட்டு கேட்டேன், சத்தம் கேட்டது, கேள்வி கேட்டேன் என்று மூன்றுக்கும் அது ஒன்றே போதும் (பாவம், அதற்கு ஓய்வே கிடையாது!). ஆங்கிலத்தில் லிசன், ஹியர், ஆஸ்க் என்று மூன்று சொற்கள்.

அடுத்த முறை சந்தேகம் வந்தால் தமிழ் வாக்கியத்தில் ‘காதில் விழுந்தது’ என்று மாற்றிப் பாருங்கள். பொருந்தினால் ஹியர். ‘காது கொடுத்துக் கேட்டேன்’ பொருந்தினால் லிசன். இடி காதில் விழும். அறிவுரையைக் காது கொடுத்துக் கேட்க வேண்டும்.

அப்புறம், லிசனுக்குப் பின்னால் எதைக் கேட்கிறோம் என்று சொன்னால் ‘டு’ கட்டாயம். ஹியருக்கு அது தேவையில்லை.

ஒன்று மட்டும்: இந்தச் சோதனை எல்லா இடத்திலும் செல்லாது. ‘ஹியர் ஃப்ரம் யூ’ என்று கடிதத்தில் வந்தால் காதுக்கு அங்கே வேலையே இல்லை, பதிலை எதிர்பார்க்கிறார்கள். அதை அப்படியே மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்.