வேடிக்கை பார்க்கவா, வேலை பார்க்கவா?

கேள்வி: பழமையான ஊர் என்றாலே இப்போது ஒரு கைவினைத் திருவிழா, ஒரு கலை மையம் வந்துவிடுகிறது. இதனால் கலை பிழைக்குமா, சுற்றுலாக்காரர்களுக்குப் பொழுது போகுமா?

பதில்: திருவிழாவையும் கலை மையத்தையும் ஒன்றாகச் சேர்த்துத் திட்டாதீர்கள். திருவிழா நாலு நாளில் முடிந்துவிடும். மீதி நாளெல்லாம் கைவினைஞர் எங்கே உட்கார்ந்து வேலை செய்கிறார், உலை மூட்ட அவருக்கு அனுமதி உண்டா, வாடகை கட்டுபடியாகிறதா என்று பாருங்கள். பல ஊர்களில் தெருவை அழகுபடுத்துகிறேன் என்று முதலில் பட்டறையைத்தான் கிளப்புகிறார்கள். புகை வருகிறதாம், தூசி பறக்கிறதாம், சத்தமாம்! அப்புறம் அதே தெருவில் கைவினைப் பொருள் கடை திறப்பு விழா.

வெனிஸும் 1291இல் கண்ணாடி உலைகளை ஊரைவிட்டு வெளியேற்றியதுதான். ஆனால் அது தீ விபத்துக்குப் பயந்து. உலைகளுக்கு முரானோ தீவில் இடமும் கிடைத்தது, தொழிலும் தழைத்தது. இன்று அங்கே தலைவலி வேறு: எங்கோ செய்த மலிவுக் கண்ணாடி முரானோ பெயரில் விற்கிறது. அதனால்தான் 1994இல் வெனிஸ் அடங்கிய வெனெட்டோ பிராந்திய அரசு சட்டம் போட்டு, அசலுக்கென்று தனி முத்திரை கொண்டுவந்தது.

போலியை அமெரிக்கா இன்னும் கறாராகப் பிடிக்கிறது. பூர்வகுடியினர் செய்தது என்று பொய் சொல்லி விற்றால், 1990ஆம் ஆண்டுச் சட்டப்படி முதல் குற்றத்துக்கே 2,50,000 டாலர் வரை அபராதம், 5 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். சான்டா ஃபே நகரில் 1922இல் தொடங்கிய பூர்வகுடிக் கலைச் சந்தையிலும் கண்டவர் கடை போட முடியாது. விண்ணப்பித்துத் தேர்வாக வேண்டும், என்ன பொருளில் செய்தது என்பதை மறைக்காமல் சொல்லவும் வேண்டும். திருவிழா என்றால் இந்தக் கெடுபிடி இருக்கட்டும். இல்லாவிட்டால் அது பந்தல் போட்ட மொத்த வியாபாரம்.

கலை மையத்துக்கு எனக்குப் பிடித்த உதாரணம் வர்ஜீனியா மாநிலத்தின் அலெக்ஸாண்ட்ரியா. 1749இல் உருவான துறைமுக ஊர் அது. முதல் உலகப் போர் ஓய்ந்த மறுநாள், 1918 நவம்பர் 12 அன்று, அங்கே டார்பிடோ, அதாவது நீருக்கடியில் பாய்ந்து கப்பலைத் தாக்கும் குண்டு, செய்யும் தொழிற்சாலை கட்ட ஆரம்பித்தார்கள். (அரசாங்க வேலை எந்த நாட்டிலும் இப்படித்தான் போலிருக்கிறது!) இரண்டாம் போரில் அது மும்முரமாக ஓடியது, பிறகு அரசின் கிடங்காகக் கிடந்தது. 1969இல் நகராட்சி அதை வாங்கியது, 1974இல் கலைஞர்கள் குடியேறினார்கள். அங்கே போனால் கலைஞர் தன் அறையில் வேலை செய்துகொண்டிருப்பார். நீங்கள் உள்ளே போய்ப் பார்க்கலாம், பேசலாம், வாங்கலாம். நுழைவுக் கட்டணம் கிடையாது. வேலை நடக்கும் இடத்திலேயே விற்பனையும் நடப்பதால் இடைத்தரகர் தேவைப்படுவதில்லை.

ஆகவே உங்கள் கேள்விக்கு நேர் பதில்: பட்டறை உள்ள ஊரில் திருவிழா நடத்தினால் கலை பிழைக்கும், பட்டறையைத் துரத்திவிட்டு நடத்தினால் பொழுதுதான் போகும். சுற்றுலாக்காரரைக் குறை சொல்லிப் பயனில்லை, காசு கொடுத்து வாங்குகிறவர் அவர்தானே. அடுத்த முறை ஏதாவது திருவிழாவுக்குப் போனால், கடையில் இருப்பவரிடம் “இதை எப்படிச் செய்தீர்கள்?” என்று கேட்டுப் பாருங்கள். வியாபாரி விலையைச் சொல்வார். செய்தவராக இருந்தால் நீங்களாகக் கிளம்பினால்தான் உண்டு.