யூனிவர்சல் ரிமோட்டில் டிவி வேலை செய்கிறது, ஹோம் தியேட்டர் ரிசீவர் மட்டும் அசையவே மாட்டேன் என்கிறது. எப்படிச் சேர்ப்பது?

முதலில் ஒன்று சொல்லுங்கள்: ரிசீவரின் ஒரிஜினல் ரிமோட் இன்னும் கையில் இருக்கிறதா? இருந்தால் பிராண்டுக்குரிய கோட் எண் பட்டியலைப் பார்த்து ஒவ்வொரு எண்ணாகத் தட்டிக்கொண்டிருப்பதை இத்தோடு விட்டுவிடுங்கள். உங்கள் யூனிவர்சல் ரிமோட்டில் லேர்னிங் வசதி இருந்தால், ஒரிஜினலிடமிருந்து அதற்குக் கற்றுக்கொடுத்துவிடலாம். பத்து நிமிட வேலை.

டிவி விஷயத்தில் கோட் எண் சுலபமாக அமைந்துவிடும். ரிசீவரில் தகராறு வருவதற்கு முதல் காரணம், நீங்கள் டிவி பட்டனை அழுத்திவிட்டு ரிசீவரின் எண்ணைக் கொடுப்பது. இந்த ரிமோட்டுகளில் ஒவ்வொரு வகைக் கருவிக்கும் தனிப் பட்டியல் உண்டு. ஆம்ப் (ஆம்ப்ளிஃபையர்) அல்லது ஆடியோ என்ற பட்டனைத் தேர்ந்தெடுத்த பிறகு கொடுத்தால்தான் அந்த எண்ணுக்கு அர்த்தம். அந்தப் பட்டன் இல்லாத மலிவான ரிமோட் என்றால், அதன் நினைவில் ரிசீவர் கோடே இருக்காமல் போகலாம்.

இரண்டாவது காரணம் ரிசீவருக்குள்ளேயே இருக்கிறது. யமஹா ரிசீவர்கள் பலவற்றில் ரிமோட் ஐடி என்று ஓர் அமைப்பு உண்டு, ஐடி1, ஐடி2 என்று. ஒரே அறையில் இரண்டு யமஹா இருந்தால் குழப்பம் வரக்கூடாது என்பதற்காக வைத்தது. ரிசீவர் ஐடி2-ல் இருந்து, நீங்கள் ஐடி1-க்கான கோடைக் கொடுத்தால் அது கல்லாட்டம் உட்கார்ந்திருக்கும். ஆர்எக்ஸ்-வி வரிசையில் ரிசீவரிலேயே உள்ள ஸ்ட்ரெய்ட் பட்டனைப் பிடித்துக்கொண்டு பவரை அழுத்தினால் அட்வான்ஸ்டு செட்டப் திறக்கும், அங்கே எந்த ஐடி என்று பார்த்துவிடலாம். பெட்டியை வாங்கி ஒரு தடவைகூட நீங்கள் இதைத் தொட்டிருக்க மாட்டீர்கள். ஆனால் செகண்ட் ஹேண்டில் வாங்கியது என்றால் முதலில் இதைத்தான் பார்க்க வேண்டும்.

சரி, கற்றுக்கொடுக்கும் முறைக்கு வருவோம். ஒன் ஃபார் ஆல் ரிமோட்டுகள் பலவற்றில் மேஜிக் அல்லது செட்டப் பட்டனைச் சிவப்பு விளக்கு இரண்டு முறை மின்னும்வரை பிடித்திருந்து, 9-7-5 அடிக்க வேண்டும். பிறகு எந்தப் பட்டனுக்குக் கற்றுத்தர வேண்டுமோ அதைத் தொட்டு, ஒரிஜினல் ரிமோட்டில் அதற்குச் சமமான பட்டனை அழுத்த வேண்டும். இரண்டு மின்னல் என்றால் பிடித்துக்கொண்டது, ஒரே நீள மின்னல் என்றால் திரும்பச் செய்யுங்கள். செட்டாப் பாக்ஸோடு வரும் ரிமோட்டுகளிலும் சிலவற்றில் டிவிக்கான நாலைந்து பட்டன்களுக்கு இதே வசதி இருக்கும். உள்ளே நுழையும் முறைதான் ஆளுக்கு ஆள் மாறும்.

இரண்டு ரிமோட்டையும் மூக்கோடு மூக்கு வைத்து, நடுவில் மூன்று நான்கு சென்டிமீட்டர் விடுங்கள். ஜன்னல் வெயிலும் சிஎஃப்எல் வெளிச்சமும் படக்கூடாது. இரண்டிலும் புது பேட்டரி. சோனி ரிசீவர் என்றால் பட்டனைச் சட்டென்று விடாமல் ஒரு நொடி அழுத்தியே வையுங்கள். சோனி ஒரே கட்டளையைக் குறைந்தது மூன்று தடவை திருப்பிச் சொல்கிறது. பாதியில் விட்டால் ரிமோட் அரைகுறையாகக் கற்றுக்கொள்ளும், வால்யூம் ஒரு புள்ளி ஏறுவதற்கே திணறும்.

ரிசீவர் ரிமோட்டில் ஐம்பது பட்டன் இருக்கிறதே என்று மலைக்க வேண்டாம். வால்யூம் ஏற்ற, இறக்க, மியூட், பவர், நீங்கள் மாற்றும் இரண்டு மூன்று இன்புட். இவ்வளவுதான் தினசரித் தேவை. ஸ்பீக்கர் தூரம், கிராஸ்ஓவர் மாதிரி ஒலி அமைப்புகள் எல்லாம் எப்போதோ ஒரு முறை தொடுவது. அதற்கு ஒரிஜினலை டிராயரில் போட்டு வையுங்கள், பேட்டரியைக் கழற்றிவிட்டு. கசிந்தால் அந்த ரிமோட் காலி.

இதில் பெரும்பாலோர் கோட்டைவிடுவது வால்யூமைத்தான். ரிசீவரைச் சேர்த்துவிட்டு, சத்தம் கூட்ட வேண்டும்போதெல்லாம் ஆம்ப் பட்டனை அழுத்திவிட்டு வால்யூமுக்குப் போய், திரும்ப டிவி பட்டனுக்கு வருவார்கள். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் இரண்டே நாளில் மூன்று பழைய ரிமோட்டும் டீப்பாய்க்குத் திரும்பிவிடும். எந்த மோடில் இருந்தாலும் வால்யூம் பட்டன் ரிசீவருக்கே போகும்படி பூட்ட முடியும், பஞ்ச் த்ரூ என்பார்கள். ஒன் ஃபார் ஆல் வகையில் அதற்கான எண் 9-9-3. அந்த வசதி இல்லையென்றால் டிவி மோடிலும் செட்டாப் பாக்ஸ் மோடிலும் வால்யூம் பட்டன்களுக்கு ரிசீவரின் சிக்னலையே கற்றுக்கொடுத்துவிடுங்கள், விளைவு ஒன்றுதான். செட்டாப் பாக்ஸின் சொந்த வால்யூமை முழுதாக ஏற்றிவிட்டு அப்படியே விட்டுவிடுவது நல்லது. இல்லாவிட்டால் சத்தம் போதவில்லை என்று ரிசீவரைக் குறை சொல்லிக்கொண்டிருப்பீர்கள்.

எல்லாவற்றையும் ஒரே பட்டனில் ஆன் செய்ய ஆசைப்பட்டால் ஒரு சிக்கல் உண்டு. பவர் பட்டன் பெரும்பாலும் டாகிள்: ஆனாக இருந்தால் ஆஃப், ஆஃபாக இருந்தால் ஆன். டிவி ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தால் உங்கள் மேக்ரோ (ஒரே பட்டனில் பல கட்டளைகளை வரிசையாக அனுப்புவது) அதை அணைத்துவிட்டு ரிசீவரை மட்டும் எழுப்பும். ஆனுக்கும் ஆஃபுக்கும் தனித்தனி கோட் உள்ள ரிசீவர்கள் இருக்கின்றன. யமஹாவின் பழைய ரிமோட்டுகளில் பவர், ஸ்டாண்ட்பை என்று இரண்டு பட்டன் இருந்ததைப் பார்த்திருப்பீர்கள். அப்படி இருந்தால் அவற்றையே கற்றுக்கொடுங்கள்.

ஒரிஜினல் தொலைந்துவிட்டதா? சென்னை ரிச்சி தெரு மாதிரி இடங்களில் மாடல் எண்ணைச் சொன்னால் மாற்று ரிமோட் கிடைக்க வாய்ப்புண்டு. அதை வாங்கி அதிலிருந்து கற்றுக்கொடுப்பேனே தவிர, நான் ஒன் ஃபார் ஆலின் தேடும் எண்ணான 9-9-1 போட்டு ஒவ்வொரு கோடாகத் தேடிக்கொண்டிருக்க மாட்டேன். வாங்கியதும் போன் கேமராவை ரிமோட்டின் முனைக்கு நேரே வைத்து ஒரு பட்டனை அழுத்திப் பாருங்கள். திரையில் ஊதா நிறத்தில் ஒளி மின்னினால் ரிமோட் உயிரோடு இருக்கிறது. பின்பக்கக் கேமராவில் தெரியாவிட்டால் செல்ஃபி கேமராவில் பாருங்கள், அதில் அகச்சிவப்பு ஒளியைத் தடுக்கும் வடிகட்டி பெரும்பாலும் கொஞ்சம் லேசாக இருக்கும்.

அப்புறம், ஃபயர் டிவி ஸ்டிக் வைத்திருக்கிறீர்களா? அதன் ரிமோட் ஸ்டிக்கோடு புளூடூத்தில் பேசுவதால், அகச்சிவப்புக் கதிரை மட்டும் அனுப்பும் யூனிவர்சல் ரிமோட்டுக்கு அதைக் கற்றுக்கொடுக்க முடியாது. தலைகீழாகச் செய்யலாம். வால்யூம் பட்டன் உள்ள அலெக்சா ரிமோட்டில் அகச்சிவப்பு எல்இடியும் இருக்கிறது. செட்டிங்ஸில் எக்விப்மென்ட் கன்ட்ரோல் போய் ரிசீவரின் பிராண்டைச் சேர்த்தால், வால்யூமையும் மியூட்டையும் அதுவே பார்த்துக்கொள்ளும். டிவியும் ரிசீவரும் எச்டிஎம்ஐ ஏஆர்சி (டிவியின் ஒலியை ரிசீவருக்குத் திருப்பி அனுப்பும் இணைப்பு) வழியாக இணைந்திருந்தால், ஒரு கருவி மற்றதைக் கட்டுப்படுத்த உதவும் சிஇசி வசதி இரண்டிலும் ஆனில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். சோனி அதை பிராவியா சிங்க் என்கிறது, சாம்சங் எனிநெட் பிளஸ், எல்ஜி சிம்ப்லிங்க். அது சரியாக அமைந்துவிட்டால் டிவி ரிமோட்டே ரிசீவரின் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும், மேலே சொன்ன எதுவும் தேவைப்படாமலே போகலாம்.