போனே பயன்படுத்தாமல் ஒளிந்திருக்கும் குற்றவாளியைப் போலீஸ் எப்படிப் பிடிக்கிறது?

பெரும்பாலும் அவனுக்குச் சோறும் துணியும் கொண்டுபோகிறவர்களைப் பின்தொடர்ந்துதான். இத்தாலியின் சிசிலித் தீவில் இயங்கிய மாஃபியா குற்றக் கும்பலின் தலைவன் பெர்னார்டோ ப்ரோவென்சானோவைப் பிடித்ததும் அப்படித்தான்.

1963-இல் தலைமறைவானவன், 43 வருடம் சிக்கவில்லை. போனைத் தொடமாட்டான். உத்தரவெல்லாம் துண்டுச் சீட்டில்தான். டைப்ரைட்டரில் அடித்து, சின்னதாக மடித்து, டேப் ஒட்டி அனுப்புவான். அது நாலைந்து கை மாறித்தான் உரியவரிடம் போய்ச் சேரும். ஒட்டுக்கேட்க எதுவும் இல்லை. பெயர்களுக்குப் பதிலாக எண்கள். சில சீட்டுகளில் A-க்கு 4, B-க்கு 5 என்று மூன்று தள்ளி எழுதியிருந்தான். இது பள்ளிப் பிள்ளைகள்கூட உடைத்துவிடக்கூடிய சங்கேதம். அவனைக் காப்பாற்றியது சங்கேதம் இல்லை. காட்டிக்கொடுக்கப் பயந்த ஊரின் மௌனம். 1992-இல், மாஃபியாவை விசாரித்த நீதிபதிகள் ஃபால்கோனே, போர்செலினோ இருவரையும் குண்டு வைத்துக் கொன்ற கூட்டம் அது. அந்தப் பயத்தை நான் குறைசொல்லமாட்டேன்.

சரி, எங்கே சறுக்கினான்? சலவைத் துணியில். அவனுடைய சொந்த ஊரான கோர்லியோனேயில் இருந்த மனைவி வீட்டிலிருந்து துவைத்த துணிப்பொட்டலம் கிளம்பி, ஆள் மாறி ஆள் மாறிப் போனது. போலீஸ் அதைத் தூரத்திலிருந்தே பொறுமையாகக் கவனித்தது. பொட்டலம் கடைசியில் ஊருக்கு வெளியே, ஆடு வளர்ப்பவர் ஒருவரின் பண்ணைக் குடிலுக்குப் போனது. கதவிடுக்கிலிருந்து ஒரு கை நீண்டு பையை வாங்கியது. 2006 ஏப்ரல் 11 அன்று உள்ளே நுழைந்தார்கள். டைப்ரைட்டரும் சீட்டுகளும் அங்கேயே இருந்தன. பிடிபட்ட இடம் சொந்த ஊரிலிருந்து சில கிலோமீட்டர் தூரம்தான்.