கேக் ஒத்துக்கொண்டது, பால் குடித்துப் பார்க்கலாமா?

கேள்வி: எனக்கு 24 வயது. ஏழு மாதக் குழந்தையாக இருந்தபோது முதன்முதலாகப் பால் கொடுத்ததும் உதடு வீங்கி, உடம்பெல்லாம் தடித்துவிட்டதாம். "ஐந்து வயதில் சரியாகிவிடும்" என்றார்கள், ஆகவில்லை. ஆஸ்துமாவும் உண்டு. போன மாதம் தெரியாமல் பால் சேர்த்த கேக் ஒரு துண்டு சாப்பிட்டுவிட்டேன். ஒன்றும் ஆகவில்லை. அலர்ஜி போய்விட்டதா? வீட்டிலேயே ஒரு வாய் பால் குடித்துப் பார்க்கட்டுமா?

பதில்: தயவுசெய்து வேண்டாம். வீட்டில் ஒரு சொட்டுகூட வேண்டாம்.

கேக் ஒத்துக்கொண்டது நல்ல அறிகுறிதான். ஆனால் கேக்கில் உள்ள பால் வேறு, டம்ளரில் உள்ள பால் வேறு. அடுப்புச் சூட்டில் வேகும்போது பாலின் சில புரதங்கள் உருக்குலைந்து, மாவோடு பின்னிக்கொள்கின்றன. அதனால் உங்கள் உடம்புக்கு அடையாளம் தெரியாமல் போயிருக்கலாம். அதே ஆளுக்குப் பால் குடித்தால் மூச்சு இழுக்கலாம். காய்ச்சிக் குடித்தால் போதுமே என்று நினைக்காதீர்கள். கேசீன் என்ற புரதம் கொதித்தாலும் அசையாது. ஆட்டுப்பாலும் மாற்று இல்லை, பெரும்பாலானவர்களுக்கு அதுவும் சேராது.

ஐந்து வயதுக் கணக்கு பலருக்குப் பலிக்கிறது, எல்லோருக்கும் இல்லை. 2007-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், அலர்ஜி சிறப்புப் பிரிவுக்கு வந்த குழந்தைகளில் 4 வயதுக்குள் சரியானவர்கள் 19 சதவீதம்தான். 16 வயதில் அது 79 ஆனது. ஆஸ்துமா இருந்தால் சரியாக இன்னும் நாளாகலாம். இதில் உங்கள் தவறோ அம்மாவின் தவறோ எதுவும் இல்லை.

சரி, எப்படித் தெரிந்துகொள்வது? தோல் சோதனையும் ரத்தப் பரிசோதனையும் மட்டும் போதாது. என்னிடம் வந்த ஓர் இளைஞருக்குத் தோல் சோதனையில் கொப்புளம் எழும்பியது. இருந்தும் மருத்துவமனையில் வைத்து, பாலைத் துளியில் தொடங்கி, இடைவெளி விட்டு, அளவைக் கூட்டிக்கொண்டே போனோம். கடைசி டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக் குடித்தார். அப்புறம் இரண்டு மணி நேரம் தன் முழங்கையையே பார்த்துக்கொண்டிருந்தார். தடிப்பு வரவே இல்லை. இன்னொரு பெண்ணுக்கு 5 மில்லியிலேயே உதடு அரித்தது, உடனே நிறுத்தினோம். கடும் அலர்ஜியை அடக்கும் அட்ரினலின் ஊசி கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும் இடத்தில்தான் இதைச் செய்ய வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான். உங்கள் ஆஸ்துமா கட்டுக்குள் இருக்கும் நாளாகவும் இருக்க வேண்டும்.

ஒன்று எனக்குக் கவலையாக இருக்கிறது: எலும்பு. இத்தனை வருடம் பால் இல்லாமல் வளர்ந்திருக்கிறீர்கள். பெரியவர்களுக்கு நாளுக்கு 1000 மில்லிகிராம் கால்சியம் வேண்டும். உங்கள் சாப்பாட்டில் அது எவ்வளவு சேர்கிறது என்று டாக்டரிடம் கணக்குப் போடச் சொல்லுங்கள், வைட்டமின் டி அளவையும் பாருங்கள்.

டாக்டரிடம் போகும்போது இன்ஹேலரின் அட்டைப்பெட்டியையும் கொண்டுபோங்கள். சில பவுடர் இன்ஹேலர்களில் லாக்டோஸ் என்ற பால் சர்க்கரை சேர்ப்பார்கள், அதில் பால் புரதம் துளியளவு ஒட்டிக்கொண்டிருக்க வாய்ப்புண்டு.