பழைய மன்றத்து ஆட்களைத் திரட்ட மொய் நோட்டிலிருந்து தொடங்குங்கள்

கேள்வி: 1983 முதல் 1991 வரை எங்கள் ஊரில் இளைஞர் நற்பணி மன்றம் நடத்தினோம். வாலிபால் அணி, படிப்பகம், பொங்கல் விளையாட்டு விழா என்று எப்போதும் ஏதாவது நடக்கும். மொத்தம் 45 பேர், அதில் ஆறு பேர் பெண்கள். வேலை, கல்யாணம் என்று ஆளுக்கொரு பக்கம் போய்விட்டோம். இன்று ஒன்பது பேரின் நம்பர்தான் என்னிடம் இருக்கிறது. முகநூலில் தேடி அலுத்துவிட்டது. வருகிற பொங்கலுக்கு எல்லோரையும் ஊரில் ஒன்று சேர்க்க ஆசை. எங்கிருந்து தொடங்குவது? செலவுக்கு ஆளுக்கு எவ்வளவு வாங்கலாம்?
(வாசகர், லால்குடி வட்டம்)

பதில்: முகநூலில் கிடைக்காததில் வியப்பில்லை. நீங்கள் தேடுபவர்களுக்கு இப்போது 50-லிருந்து 70 வயது வரை இருக்கும். பாதிப் பேர் வாட்ஸ்அப்போடு நிறுத்திக்கொள்பவர்கள். கணக்கு வைத்திருப்பவர்களும் உங்களுக்குத் தெரிந்த பெயரில் இருக்க மாட்டார்கள். ஊரில் ‘சு. முருகேசன்’ என்றிருந்தவர் பாஸ்போர்ட் எடுத்தபோது ‘முருகேசன் சுப்பிரமணியன்’ ஆகியிருப்பார். துபாயில் அவரை எல்லோரும் சுப்பிரமணியன் என்றே கூப்பிடுவார்கள். பெண்களுக்கு அப்பா இனிஷியல் போய்க் கணவர் இனிஷியல் வந்திருக்கும். முகநூல் வேண்டாம் என்றில்லை, அதைக் கடைசியில் திறங்கள்.

முதலில் ஒரு நீள நோட்டில் 45 பேரையும் எழுதுங்கள். பெயர், அப்பா பெயர், பட்டப்பெயர், குடியிருந்த தெரு, கடைசியாகத் தெரிந்த வேலை, யாருக்கு நெருக்கம் என்று ஆறு பத்தி போதும். பட்டப்பெயரை வெட்கப்பட்டு விட்டுவிடாதீர்கள். ‘செந்தில்குமாரைத் தெரியுமா’ என்றால் தெருவில் யாரும் வாய் திறக்க மாட்டார்கள், ‘சோடா செந்தில்’ என்றால் மூன்று பேர் வழி சொல்வார்கள். கடைசிப் பத்திதான் உங்களுக்கு ஆள் பிடித்துத் தரும். மன்றமே கலைந்து போனாலும் அதில் இரண்டு பேர், மூன்று பேராகச் சேர்ந்த கூட்டு பெரும்பாலும் கலைவதில்லை. ஒருவர் கிடைத்தால் அவரோடு இன்னும் இருவர் வருவார்கள்.

அடுத்து கல்யாணக் காகிதங்கள். அன்று மன்றத்தில் யாருக்குத் திருமணம் நடந்தாலும் நண்பர்கள் சேர்ந்து வாழ்த்து மடல் அச்சடித்து, மேடையில் வாசித்து, கண்ணாடி போட்டுக் கொடுப்பது வழக்கம். அடியில் ‘இங்ஙனம்’ என்று போட்டு உறுப்பினர் பெயர் எல்லாம் இரண்டு பத்தியாக இருக்கும். 1985-க்கும் 95-க்கும் இடையில் கல்யாணம் ஆன நான்கு பேர் வீட்டுச் சுவரையோ பரணையோ பார்த்தால், நீங்கள் மறந்துபோன பெயர்கள் இனிஷியலோடு கிடைக்கும். அதைவிடப் பயன்படுவது அதே கல்யாணத்தின் மொய் நோட்டு. செய்முறையைத் திருப்ப வேண்டும் என்பதால் யாரும் அதைத் தூக்கிப்போடுவதில்லை. அதில் பெயரோடு அப்பா பெயரும் ஊரும் இருக்கும். மன்ற நண்பர் பின்னாளில் குடிபோன ஊர் எது என்பதை, பிந்திய கல்யாணங்களின் நோட்டில் அவர் பெயருக்குப் பக்கத்தில் பார்க்கலாம். ஆண்டு விழா அழைப்பிதழ், நன்கொடை ரசீதுப் புத்தகத்தின் அடிக்கட்டை, பரிசுப் பட்டியல் எல்லாம் அதற்குப் பிறகுதான்.

மூன்றாவது இடம் கோயில். திருவிழாவுக்குத் தலைக்கட்டு வரி வசூலிப்பவரிடம் வெளியூரில் இருக்கும் குடும்பங்களின் போன் நம்பர் வரை இருக்கும், வருடா வருடம் வசூலிக்கிறவர் அல்லவா. ஆனால் அந்த நோட்டில் வரி கட்டும் தெருக்கள் மட்டுமே இருக்கும். உங்கள் வாலிபால் அணியில் எல்லாத் தெருப் பையன்களும் ஆடியிருப்பார்கள். காலனியிலிருந்து வந்தவர், கிறிஸ்தவர், முஸ்லிம் பெயர்கள் அந்த நோட்டில் வராது. பல ஊர்களில் ‘எல்லோரும் கூடினோம்’ என்று சொல்லும் கூட்டம் உண்மையில் இரண்டு தெருக் கூட்டமாக முடிவது இந்த இடத்தில்தான். அவர்களுக்குப் பங்குக் கோயில் அலுவலகம், பள்ளிவாசல் ஜமாஅத், காலனியின் மூத்தவர்கள் என்று தனித்தனியாக, நேரில் போய்க் கேளுங்கள்.

பழைய லெட்டர் பேடில் பதிவு எண் இருக்கிறதா என்றும் பாருங்கள். 1978-இல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்கீழ் பதிவான மன்றம் என்றால், அந்த எண்ணைச் சொல்லி மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் சான்றிட்ட நகலுக்கு மனுக் கொடுக்கலாம். தொடக்க நிர்வாகிகள் பெயரும் முகவரியும் அதில் இருக்கும். இன்னொரு வழி பழைய வாக்காளர் பட்டியல். 2025 இறுதியில் நடந்த சிறப்புத் தீவிரத் திருத்தத்துக்காக 2002, 2005 பட்டியல்களை இணையத்தில் வைத்தார்கள். 2008 தொகுதி மறுசீரமைப்புக்கு முந்தைய தொகுதிப் பெயரைப் போட்டுத் தேட வேண்டும். நம்பர் கிடைக்காது, ஆனால் அப்பா பெயரும் ஊரில் தங்கிவிட்ட தம்பி பெயரும் கிடைக்கும். தம்பியைப் பிடித்தால் அண்ணன் கிடைத்த மாதிரிதான்.

மிச்சம் பத்துப் பேர் இருக்கும்போது முகநூலுக்கு வாருங்கள். பெயரைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் தேடுங்கள். ஆங்கிலத்தில் ஒவ்வொரு பெயருக்கும் நான்கைந்து எழுத்துக்கூட்டல் உண்டு. ‘ழ’வுக்கு ‘எல்’ போடுபவரும் உண்டு, ‘இசட் எச்’ போடுபவரும் உண்டு. ‘த’வுக்குப் பின் ‘எச்’ சேர்ப்பவரும் உண்டு, விடுபவரும் உண்டு. அப்பா பெயரைப் பின்னால் போட்டு ஒருமுறையும், பிள்ளைகள் பெயர் தெரிந்தால் அதைப் போட்டு ஒருமுறையும் பாருங்கள். பிள்ளைகள் அநேகமாகச் சிக்குவார்கள்.

அணிப் புகைப்படம் ஏதாவது இருந்தால் ஜன்னல் வெளிச்சத்தில், பிளாஷ் இல்லாமல் மொபைலில் எடுங்கள். கண்ணாடியோடு ஒட்டிப்போன படத்தைப் பிய்க்க வேண்டாம், முகம் கண்ணாடியிலேயே தங்கிவிடும். பிரேமோடு சற்றுச் சாய்த்து வைத்து எடுத்தால் பளபளப்பு அடிக்காது. படத்தில் ஒவ்வொரு தலைக்கும் எண் போட்டு, கிடைத்தவர்களுக்கு அனுப்பி ‘7, 12, 15 யார்?’ என்று கேளுங்கள். ‘யாரையாவது ஞாபகம் இருக்கா?’ என்று பொதுவாகக் கேட்டால் ஒரு பெயர்கூட வராது.

முதல் தொடர்பில் நடக்கும் தவறு, தெரியாத நம்பரிலிருந்து குழு லிங்க் அனுப்புவது. கல்யாண அழைப்பிதழ் என்ற பெயரில் ஏபிகே கோப்பு (திறந்தால் போனில் செயலியை நிறுவும் கோப்பு) அனுப்பிப் பணம் பறிக்கும் காலம் இது. பிளாக் செய்துவிடுவார்கள். அரை நிமிடக் குரல் பதிவு போதும்: “நான் மேலத்தெரு ரத்தினத்தோட மகன், மன்றத்துல பொருளாளரா இருந்தவன். உன் நம்பரை நம்ம பாஸ்கர்தான் கொடுத்தான்.” அப்பா பெயர், தெரு, நடுவில் ஒரு நண்பர் பெயர் மூன்றும் இருந்தால் திருப்பிக் கூப்பிடுவார்கள். பணப் பேச்சு அன்றைக்கு வேண்டாம். பெண் உறுப்பினர்களை முதலில் இன்னொரு பெண் உறுப்பினர் கூப்பிடட்டும். இறந்துவிட்டார் என்று கேள்விப்பட்டால் குடும்பத்தில் கேட்டு உறுதி செய்யாமல் குழுவில் போடாதீர்கள். உயிரோடு இருப்பவருக்கு அஞ்சலி போட்ட குழுக்கள் உண்டு.

வாட்ஸ்அப் குழுவில் கேட்காமல் யாரையும் சேர்க்க வேண்டாம், சேர்ந்ததும் அவர் நம்பர் எல்லோருக்கும் தெரிந்துவிடும். விழா முடியும்வரை அட்மின்கள் மட்டும் பதிவிடும்படி வைத்துவிடுங்கள். கடுமையாகத் தோன்றும். ஆனால் திறந்துவிட்டால் இரண்டாவது வாரம் காலை வணக்கப் படம், மூன்றாவது வாரம் கட்சிச் சண்டை, நான்காவது வாரம் மனை விற்பனை. நல்ல நண்பர்கள்தான் சத்தமில்லாமல் முதலில் வெளியேறுவார்கள்.

தேதிக்கு வருவோம். பொங்கல் வேண்டாம் என்பதே எங்கள் ஆலோசனை. போகி முதல் காணும் பொங்கல் வரை ஒவ்வொருவருக்கும் வீட்டுக் கடமை இருக்கிறது, பெண்கள் மாமியார் வீட்டை விட்டு நகர முடியாது, ரயில் டிக்கெட் முன்பதிவு திறந்த சில நிமிடங்களில் தீர்ந்துவிடும். மார்கழியில் கிறிஸ்துமஸுக்கும் புத்தாண்டுக்கும் இடையிலான ஞாயிறு பாருங்கள். முகூர்த்தம் கிடையாது, அதனால் மண்டபமும் சமையல்காரரும் சுலபமாகக் கிடைப்பார்கள், வாடகையும் பேசிக் குறைக்கலாம். அரையாண்டு விடுமுறை இருக்கும், வெளிநாட்டில் இருப்பவர்கள் வரும் மாதமும் அதுதான். ஸ்ரீரங்கத்து வைகுண்ட ஏகாதசி எந்தத் தேதியில் வருகிறது என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள், அன்று திருச்சியில் தங்க அறை கிடைக்காது. ரயில் முன்பதிவு இப்போது 60 நாளைக்கு முன்தான் திறக்கிறது. ஆகவே அக்டோபர் தொடக்கத்திலேயே தேதியை அறிவித்துவிடுங்கள். 45 பேரும் கிடைக்கட்டும் என்று காத்திருந்தால் கூட்டமே நடக்காது. இருபது பேர் உறுதியானால் தேதி போடலாம், தேதி தெரிந்த பிறகுதான் மற்றவர்கள் தேடிவருவார்கள்.

ஆளுக்கு இவ்வளவு என்று வசூல் வைக்காதீர்கள். உங்கள் பட்டியலில் வெளிநாட்டில் சம்பாதித்தவரும் இருப்பார், வாட்ச்மேன் வேலையில் இருப்பவரும் இருப்பார். தொகையைச் சொன்னதும் இரண்டாமவர் ‘அன்னைக்கு ஊர்ல இல்லப்பா’ என்பார். மண்டபம், சாப்பாடு, நாற்காலி, மைக், புகைப்படக்காரர் என மொத்தத்தைக் கணக்கிட்டு, வசதியுள்ள ஏழெட்டுப் பேர் முதலிலேயே முழுத் தொகைக்கும் பொறுப்பேற்க வேண்டும். மற்றவர்கள் விருப்பப்பட்டதைக் கொடுக்கட்டும். யார் எவ்வளவு கொடுத்தார் என்ற பட்டியல் குழுவிலோ மேடையிலோ வரக் கூடாது. செலவுக் கணக்கு மட்டும் வர வேண்டும், ரசீதோடு. வேறு பணம் கலக்காத ஒரு சேமிப்புக் கணக்கின் யுபிஐ எண்ணைக் கொடுத்து, வாரம் ஒருமுறை இன்னொருவர் சரிபார்த்தால் போதும். மன்றத்தின் பெயரில் கணக்குத் திறக்கவோ பழைய பதிவைப் புதுப்பிக்கவோ இறங்காதீர்கள். படிப்பகக் கட்டிடம் யாருக்கு, 89-ஆம் வருடக் கணக்கு எங்கே என்ற பேச்சு அங்கிருந்துதான் கிளம்பும்.

அன்றைய நாள் காலை 10-லிருந்து மாலை 4 வரை, அதற்கு மேல் இழுக்க வேண்டாம். தரைத்தள மண்டபம், கைப்பிடி வைத்த நாற்காலி, மேற்கத்தியக் கழிப்பறை மூன்றும் கட்டாயம், முழங்கால் எல்லோருக்கும் ஒரே நிலைதான். நெஞ்சில் குத்திக்கொள்ளும் அட்டையில் பெயரைக் கட்டை எழுத்தில் எழுதி, கீழே பட்டப்பெயரையோ அன்றைய பொறுப்பையோ போடுங்கள். அட்டை இல்லாவிட்டால் யாரென்று தெரியாமல் சிரித்துச் சமாளிப்பதிலேயே முதல் மணி நேரம் போய்விடும். இலை 12.45-க்கு விழ வேண்டும், சர்க்கரைக்கு மருந்து சாப்பிடுபவர்கள் பலர் இருப்பார்கள். இரண்டு நாள் முன்பு ஒவ்வொருவரையும் போனில் கேட்டு, வருகிற எண்ணிக்கையோடு பத்துக்கு ஒன்று கூட்டி இலைக்குச் சொல்லுங்கள். அரிசி கிலோவுக்கு எட்டுப் பேர் என்பது கணக்கு, பாயசம் குறைவாகப் போதும்.

பொன்னாடை வேண்டாம், சிறப்பு விருந்தினரும் வேண்டாம். பொன்னாடை போட்டுப் படம் எடுத்தே இரண்டு மணி நேரம் கரைந்துவிடும். எம்எல்ஏவைக் கூப்பிட்டால் அது கட்சிக் கூட்டம். ஆளுக்கு இரண்டு நிமிடம் மைக் கொடுத்தால் 35 பேருக்கு 70 நிமிடம், இடையில் யாரும் தலைமையுரை ஆற்றாமல் பார்த்துக்கொள்ள ஒரு ஆள் போடுங்கள், முன்பு ரெஃப்ரீயாக இருந்தவர் யாராவது இருந்தால் அவரே பொருத்தம். மறைந்தவர்களின் படங்களை ஒரே பலகையில் வைத்து, அவர்கள் மனைவி மக்களையும் அழையுங்கள். மேடைக்கு வரச் சொல்லிப் பேச வற்புறுத்த வேண்டாம்.

பணம் மிஞ்சினால் என்ன செய்வது என்பதை வசூலுக்கு முன்பே எழுத்தில் அறிவித்துவிடுங்கள்: ஊர்ப் பள்ளி நூலகத்துக்குப் புத்தகமா, அடுத்த ஆண்டுக் கூட்டத்துக்கா, கொடுத்தவர்களுக்கே திருப்பியா. மேடையில் வைத்து முடிவெடுக்கலாம் என்று விட்டால், பழைய மன்றத்தை மறுபடி தொடங்கலாம் என்று ஒருவர் எழுந்திருப்பார், மாலை நாலு மணிக்கு நிர்வாகிகள் தேர்தல் நடந்துகொண்டிருக்கும்.