ஃபேன் போட்ட பிறகு பவளம் சுருங்குகிறதா?

முத்தியால்பேட்டை நண்பருக்கு,

150 லிட்டர் கடல்மீன் தொட்டி, அம்மோனியா 0, நைட்ரேட் 10, மீன்கள் நன்றாக இருக்கின்றன, ஸோவாந்திட் (பொத்தான் மாதிரி விரியும் ஒரு பவள வகை) மட்டும் விரியவில்லை, தோல் பவளம் சுருங்குகிறது என்று எழுதியிருந்தீர்கள். விளக்குதான் காரணமோ என்ற சந்தேகத்தை விடுங்கள். கத்திரி வெயிலுக்கு ஃபேன் வைத்ததும், குறைந்த தண்ணீருக்குக் கடல்நீரையே ஊற்றியதும்தான் எனக்கு உறுத்துகிறது.

ஆவியாவது வெறும் தண்ணீர்தான், உப்பு தொட்டியிலேயே தங்கிவிடும். நாளுக்கு 1 லிட்டர் கடல்நீர் என்றால் 35 கிராம் உப்பு. மாதத்தில் 1 கிலோவுக்கு மேல். 35 பிபிடியாக (ஆயிரம் பங்கில் 35 பங்கு உப்பு) இருந்தது இந்நேரம் 42-ஐத் தொட்டிருக்கும். மீன் தாங்கும், பவளம் தாங்காது. உப்பளவு பார்க்கும் உங்கள் முள் ஹைட்ரோமீட்டர் சரியாகக் காட்டுகிறது என்கிறீர்கள். முள்ளில் உப்புப் படிந்தாலே அது குறைத்துக் காட்டிப் பொய் சொல்லும். நானும் ஏமாந்தவன்தான். ஒளி வளைவதை வைத்து உப்பளவைக் காட்டும் ரிஃப்ராக்டோமீட்டர் வாங்கி, 35 பிபிடி கரைசலில் சரிபார்த்துவிட்டு அளந்து பாருங்கள்.

அளவு ஏறியிருந்தால், தினம் 4 லிட்டர் எடுத்துவிட்டு அதே அளவு ஆர்ஓ தண்ணீர் விடுங்கள். நாளுக்கு 1 பிபிடி போல இறங்கும். அவசரப்பட்டு ஒரே நாளில் இறக்கினால் மிச்சமும் போய்விடும். போர் தண்ணீர் வேண்டவே வேண்டாம், நம் கடலோரத்தில் அதுவே பல இடங்களில் உப்பு. ஃபேன் இருக்கட்டும், 27 டிகிரிக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், செத்துப்போன பவளத்துக்குப் பதிலாகக் கல் பவளம் தருகிறேன் என்று யாராவது வந்தால் வாங்காதீர்கள். 1972 வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது அது.

ரிஃப்ராக்டோமீட்டர் எவ்வளவு காட்டியது என்று எழுதுங்கள்.