ஃபார்மட் போடுவதற்கு முன்: பென் டிரைவில் லைவ் லினக்ஸ்

கேள்வி: என் லேப்டாப்பில் விண்டோஸ் 11. சில நாட்களாகத் திறக்கவில்லை. கம்பெனி லோகோ வருகிறது, தானாகச் சரிசெய்வதாகச் சொல்கிறது, மறுபடியும் அதே இடத்தில் வந்து நிற்கிறது. ஃபார்மட் போட்டால்தான் சரியாகும், டேட்டா போய்விடும் என்கிறார் சர்வீஸ் கடைக்காரர். கடைக் கணக்கு முழுக்க டேலியில் இருக்கிறது. பிள்ளைகளின் படங்களும் உள்ளே. இன்ஸ்டால் செய்யாமலே பென் டிரைவிலிருந்து ஓடும் லைவ் லினக்ஸ் போட்டு ஃபைல்களை எடுக்கலாம் என்று கேள்விப்பட்டு, ஐஎஸ்ஓ ஃபைலை இறக்கி 8 ஜிபி பென் டிரைவில் காப்பி செய்தேன். பூட் ஆகவில்லை. பழைய டிவிடி ரைட்டர் ஒன்று இருக்கிறது. அதில் எழுதினால் வருமா?

பதில்: டிவிடியில் எழுதினாலும் வரும், ஆனால் உங்கள் பென் டிரைவே போதும். அதில் காப்பி செய்த விதம்தான் தவறு. அதற்கு வருவதற்கு முன் இன்னொன்றைப் பார்த்துவிடுங்கள். அது சரியாக இல்லாவிட்டால் மற்றதெல்லாம் வீண் வேலை.

விண்டோஸ் 11 லேப்டாப்புகள் பலவற்றில், மைக்ரோசாஃப்ட் கணக்கு போட்டு உள்ளே நுழைந்ததுமே பிட்லாக்கர் வகைப் பூட்டு தானாக விழுந்துவிடுகிறது. டிஸ்க்கில் உள்ள அனைத்தும் குறியாக்கம் ஆகிவிடும். விண்டோஸ் ஒழுங்காக ஓடும்வரை உங்களுக்கு அது தெரியவே தெரியாது. வெளியிலிருந்து வேறொரு சிஸ்டம் அந்த டிஸ்க்கைத் திறக்கப் போனால்தான் 48 இலக்க ரெக்கவரி கீ கேட்கும். அந்தக் கீ பெரும்பாலும் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கிலேயே இருக்கும். போனில் அந்தக் கணக்குக்குள் போய், டிவைஸ்கள் பகுதியில் உங்கள் லேப்டாப்பைத் தேர்ந்து, பிட்லாக்கர் கீயைப் பாருங்கள். இருந்தால் ஒரு தாளில் எழுதி, இலக்கங்களை இரண்டு முறை சரிபார்த்து வையுங்கள். இங்கே ஒரு சிக்கல் அடிக்கடி வரும். புது லேப்டாப்பைக் கடையிலேயே ‘ரெடி பண்ணி’ வாங்கியிருந்தால், அன்று எந்த மெயில் ஐடியைப் போட்டார்களோ அந்தக் கணக்கில்தான் கீ இருக்கும். அது கடைக்காரரின் ஐடியாகவே இருந்தாலும் ஆச்சரியமில்லை. கூச்சப்படாமல் கேட்டு வாங்குங்கள். பூட்டு விழுந்த டிஸ்க்கில் அந்தக் கீ இல்லாமல் லைவ் லினக்ஸாலும் ஒன்றும் செய்ய முடியாது.

சரி, பென் டிரைவுக்கு வருவோம். ஐஎஸ்ஓ என்பது ஒரு டிஸ்க்கின் முழு நகல், ஒரே ஃபைலாகக் கட்டி வைத்தது. லேப்டாப்பை ஆன் செய்ததும் விழிக்கும் யுஇஎஃப்ஐ என்ற அடிப்படை நிரல், பென் டிரைவில் குறிப்பிட்ட ஃபோல்டரில் குறிப்பிட்ட பெயரில் ஒரு பூட் ஃபைல் இருக்கிறதா என்று மட்டும் தேடும். நீங்கள் போட்ட பென் டிரைவில் இருந்தது ஒற்றை ஐஎஸ்ஓ. பூட் ஃபைல் அதற்குள் இருந்தாலும், அதைப் பிரித்துப் பார்க்க யுஇஎஃப்ஐக்குத் தெரியாது. ஆகவே அந்த ஐஎஸ்ஓவைக் காப்பி செய்யக் கூடாது, ‘எழுத’ வேண்டும். அந்த வேலைக்கு விண்டோஸில் ரூஃபஸ் என்ற சின்ன இலவச நிரல் இருக்கிறது. இன்ஸ்டால்கூடச் செய்ய வேண்டியதில்லை. நண்பர் வீட்டுக் கம்ப்யூட்டரில் ஓட்டிக்கொள்ளலாம். கம்ப்யூட்டரே கிடைக்காவிட்டால், ஓடிஜி கேபிள் (போனில் பென் டிரைவைச் செருக உதவும் கேபிள்) போட்டு ஆண்ட்ராய்ட் போனிலிருந்தே எழுத எட்ச்டிராய்ட் என்ற செயலி உண்டு. வென்டாய் என்ற கருவியில் ஐஎஸ்ஓவை அப்படியே காப்பி செய்தாலே போதும் என்பது உண்மைதான். ஆனால் செக்யூர் பூட் (அங்கீகாரம் இல்லாத சிஸ்டம் பூட் ஆகாமல் தடுக்கும் வசதி) உள்ள லேப்டாப்பில் அது முதல் முறை காட்டும் நீலத் திரை புதியவர்களைக் குழப்பிவிடும். உங்களுக்கு ரூஃபஸே நல்லது.

எந்த லினக்ஸ்? இந்த வேலைக்கு லினக்ஸ் மின்ட் என்பேன். விண்டோஸ் பழகிய கைக்கு அதன் திரை அந்நியமாக இருக்காது. ஐஎஸ்ஓ ஏறத்தாழ 3 ஜிபி, 8 ஜிபியில் தாராளமாக அடங்கும். இன்னொரு லினக்ஸான உபுண்டு 24.04 ஏறத்தாழ 6 ஜிபி, 4.7 ஜிபி டிவிடியில் அது நுழையவே நுழையாது. டிவிடி வேண்டாம் என்பதற்கு வேகமும் ஒரு காரணம். ஒவ்வொரு கிளிக்குக்கும் டிவிடி சுழன்று தேடி எடுத்துக் கொடுப்பதற்குள் பொறுமை போய்விடும். 2000-ல் ஜெர்மனியின் கிளாவுஸ் நாப்பர் நாப்பிக்ஸ் என்ற லைவ் லினக்ஸை வெளியிட்டபோது ஒரு சிடிக்குள் முழு லினக்ஸ் என்பதே பெரிய விஷயம். இன்று யுஎஸ்பியில் பூட் ஆகாத மிகப் பழைய கம்ப்யூட்டர் என்றால் மட்டும் அந்த ரைட்டரைத் தூசு தட்டுங்கள்.

ரூஃபஸைத் திறந்ததும், மேலே காட்டும் டிவைஸ் உங்கள் பென் டிரைவ்தானா என்று பெயரையும் அளவையும் பாருங்கள். அதில் இருக்கும் எல்லாம் அழிந்துவிடும். நண்பரின் வேறு ஏதாவது யுஎஸ்பி டிஸ்க் செருகியிருந்தால் முதலில் கழற்றிவிடுங்கள். ஐஎஸ்ஓவைத் தேர்ந்தபின் அதன் அருகில் சின்ன டிக் குறி ஒன்று இருக்கும். அதை அழுத்தினால் எஸ்ஹெச்ஏ-256 என்ற நீண்ட எண்ணெழுத்து வரிசை வரும். மின்ட் தளத்தில் கொடுத்திருக்கும் வரிசையும் இதுவும் ஒன்றாக இருந்தால் இறக்கிய ஃபைல் முழுசாக வந்திருக்கிறது என்று பொருள். பலரும் இதைத் தாண்டிப் போய்விட்டு, பாதியில் பூட் நின்றதும் பென் டிரைவைக் குறை சொல்வார்கள். பார்ட்டிஷன் முறையில் எம்பிஆர் இருந்தால், பழைய லேப்டாப்புகளின் பயாஸ், புதியவற்றின் யுஇஎஃப்ஐ இரண்டிலும் ஓடும். ஸ்டார்ட் கொடுத்ததும் ஐஎஸ்ஓ மோடா, டிடி மோடா என்று கேட்கும். முதலாவதைக் கொடுங்கள். அது பூட் ஆகாமல் மக்கர் செய்தால் மறுபடி எழுதி டிடி மோடைப் பாருங்கள்.

இனி பூட். லேப்டாப்பை முழுக்க அணைத்து, பென் டிரைவைச் செருகி, ஆன் செய்த கையோடு பூட் மெனு கீயை விட்டு விட்டுத் தட்டிக்கொண்டே இருங்கள். டெல், லெனோவோ என்றால் எஃப்12. ஹெச்பியில் எஸ்கேப் அழுத்தி அப்புறம் எஃப்9. ஏசஸ் லேப்டாப்பில் எஸ்கேப். ஏசரிலும் எஃப்12தான், ஆனால் பல மாடல்களில் பயாஸுக்குள் (லேப்டாப்பின் அடிப்படை செட்டிங்ஸ் திரை; யுஇஎஃப்ஐ உள்ளதிலும் பேச்சுவழக்கில் பயாஸ்தான்) போய் எஃப்12 பூட் மெனுவை முதலில் இயக்கி வைத்தால்தான் அது வேலை செய்யும். பட்டியலில் பென் டிரைவின் பெயரைத் தேர்ந்தால் மின்ட்டின் மெனு வரும். முதல் வரியே போதும். திரை கறுப்பாகவே நின்றால், திரும்ப வந்து கம்பாட்டிபிலிட்டி மோட் என்ற வரியைத் தேருங்கள். என்விடியா கிராஃபிக்ஸ் உள்ள லேப்டாப்புகளில் இது தேவைப்படலாம். செக்யூர் பூட்டைப் பொதுவாகத் தொட வேண்டாம், மின்ட் அதோடு ஒத்துப்போகும். செக்யூரிட்டி வயலேஷன் என்று தகராறு செய்தால் மட்டும் பயாஸில் அதை அணையுங்கள். ஆனால் அணைத்தபின் விண்டோஸ் ரெக்கவரி கீ கேட்கக்கூடும். கீயை முதலிலேயே எழுதி வைக்கச் சொன்னதற்கு இது இரண்டாவது காரணம்.

மின்ட் திரை வந்ததும் டெஸ்க்டாப்பில் ‘இன்ஸ்டால் லினக்ஸ் மின்ட்’ என்று ஒரு ஐகான் நிற்கும். அதை மட்டும் தொடாதீர்கள். உங்கள் டேட்டாவை மொத்தமாக அழித்துவிடக்கூடிய வழி அது. மற்றபடி இப்போது ஓடும் சிஸ்டம் பென் டிரைவிலிருந்து படித்து ரேமில்தான் ஓடுகிறது. நீங்களாக எழுதாத வரை உள்ளிருக்கும் டிஸ்க்கில் அது கை வைக்காது. இதன் மறுபக்கத்தையும் நினைவில் வையுங்கள். இந்த டெஸ்க்டாப்பில் எதைச் சேமித்தாலும் அது ரேமில் இருப்பது, அணைத்ததும் காணாமல் போகும். டேலி ஃபோல்டரை மின்ட் டெஸ்க்டாப்புக்கு இழுத்துவிட்டு ‘எடுத்தாச்சு’ என்று அணைத்துவிடாதீர்கள். ஃபைல்களைப் போட இரண்டாவது பென் டிரைவோ வெளி ஹார்ட் டிஸ்க்கோ கட்டாயம் வேண்டும்.

ஃபைல் மேனேஜரின் இடப்பக்கத்தில் உங்கள் டிஸ்க் அதன் அளவோடு தெரியும். கிளிக் செய்து, கேட்டால் 48 இலக்கக் கீயைக் கொடுங்கள். டிஸ்க்கே பட்டியலில் இல்லை என்றால், பயாஸில் டிஸ்க்கை இணைக்கும் முறை ரெய்ட் அல்லது இன்டெல் ஆர்எஸ்டி என்று இருக்கலாம். அதை ஏஹெச்சிஐக்கு மாற்றினால் லினக்ஸுக்குத் தெரியும். வேலை முடிந்ததும் பழையபடி மாற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் விண்டோஸ் தடுமாறும்.

டிஸ்க் திறக்கிறது, ஆனால் படிக்க மட்டும் முடிகிறது, எழுத முடியவில்லை என்றால் சந்தோஷப்படுங்கள். விண்டோஸ் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பில் பாதித் தூக்கத்தில் நின்றிருந்தால் இப்படி ஆகும். உங்களுக்கு வேண்டியது படிப்பது மட்டும்தானே. சில சமயம் திறக்கவே மறுக்கும். அப்போது ‘சரிசெய்யும்’ கட்டளைகளைத் தேடி ஓட்டாமல், லினக்ஸ் தெரிந்த ஒருவரிடம் ‘ரீட் ஒன்லியாக மவுண்ட் செய்து கொடுங்கள்’ (படிக்க மட்டும் திறந்து கொடுங்கள்) என்று மட்டும் கேளுங்கள்.

யூசர்ஸ் ஃபோல்டருக்குள் உங்கள் பெயரில் ஒரு ஃபோல்டர் இருக்கும். டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ், டவுன்லோட்ஸ் என்று எல்லாம் அதில்தான். டாக்குமென்ட்ஸ் காலியாகத் தெரிந்தால் பதறாமல் ஒன்டிரைவ் ஃபோல்டரைப் பாருங்கள்; விண்டோஸ் பல நேரம் அங்கே நகர்த்தி வைத்திருக்கும். அங்கே பெயர் தெரிந்தும் திறக்காத ஃபைல்கள் ஒன்டிரைவ் கணக்கில் இருப்பவை, பிறகு இறக்கிக்கொள்ளலாம். டேலியின் கம்பெனி டேட்டா, யூசர்ஸுக்குள் உள்ள பப்ளிக் ஃபோல்டரில் இருக்க வாய்ப்பு அதிகம். கணக்கு போட்டவர் வேறு டிரைவில் வைத்திருந்தால் அங்கே தேடுங்கள். ஃபோல்டரை முழுசாக எடுங்கள், ஒன்றிரண்டு ஃபைல்களைப் பொறுக்கி எடுத்தால் கம்பெனி திறக்காது. முதலில் டேலி, அடுத்து படங்கள், மற்றதெல்லாம் பிறகு.

காப்பி செய்யும்போது ஹார்ட் டிஸ்க் டக் டக்கென்று சத்தம் போட்டாலோ, ஒரு சின்ன ஃபைலுக்கே நிமிடக்கணக்கில் நின்றாலோ, அணைத்துவிடுங்கள். பழுது விண்டோஸில் இல்லை, டிஸ்க்கில். மறுபடி மறுபடி முயன்றால் எடுக்க முடிந்ததும் போய்விடும்; டேட்டா ரெக்கவரி செய்பவரிடம் கொடுப்பதே வழி.

காப்பி முடிந்ததாகத் திரை சொன்ன உடனே பென் டிரைவைப் பிடுங்காதீர்கள். லினக்ஸ் கொஞ்சம் டேட்டாவை ரேமில் வைத்துக்கொண்டு பின்னால் எழுதிக்கொண்டிருக்கும். பட்டை முடிவுக்கு வந்தபின்னும் விளக்கு மினுக்கிக்கொண்டிருப்பதைப் பார்க்கலாம். எஜெக்ட் கொடுத்து, எடுக்கலாம் என்று செய்தி வரும்வரை பொறுங்கள். அப்புறம் அதை இன்னொரு கம்ப்யூட்டரில் போட்டு, பத்துப் படங்களையும் டேலி கம்பெனியையும் திறந்து பாருங்கள். திறந்தால் லேப்டாப்பைக் கடைக்காரரிடம் கொடுத்து ஃபார்மட் போடச் சொல்லலாம்.

மின்ட் எழுதிய பென் டிரைவை விண்டோஸில் செருகினால் கொள்ளளவைக் குறைத்துக் காட்டலாம், ஃபார்மட் செய்யவா என்றும் கேட்கலாம். பழுதென்று நினைத்துத் தூக்கிப் போடாதீர்கள். ரூஃபஸிலேயே பூட் தேர்வில் ‘நான் பூட்டபிள்’ வைத்து ஸ்டார்ட் கொடுத்தால் முழு 8 ஜிபியும் திரும்பிவிடும்.